பே போன் முன்னால் நிற்பவர் முதலில் எந்த எண்ணை அழுத்துவது?

1995-ல் அமெரிக்காவில் ஒரு பே போன் (பொது இடத்தில் காசு போட்டுப் பேசும் போன்) முன்னால் வந்து நின்றவருக்கு வெளியூருக்குப் பேச ஐந்தாறு வழிகள் இருந்தன. காசு போடலாம். பூஜ்யத்தை அழுத்திவிட்டு எண்ணைத் தட்டலாம். கலெக்ட் கால் போட்டு, எடுப்பவர் தலையில் செலவைக் கட்டலாம். காலிங் கார்டு எண்ணைப் போடலாம். வேறொரு கம்பெனியின் குறியீட்டை அழுத்தி அதன் வழியாகப் போகலாம். கடையில் வாங்கிய பிரீபெய்டு கார்டைச் சுரண்டலாம். எல்லாமே பத்து நிமிடப் பேச்சுதான். ஆனால் எந்த வழியில் போனோம் என்பதைப் பொறுத்துச் செலவு பல மடங்கு ஏறி இறங்கும்.

நம் ஊர் எஸ்டிடி பூத்தில் பழகியவர்களுக்கு இது பிடிபடவே கொஞ்ச நாள் ஆகும். பூத்தில் கண்ணுக்கு எதிரே மீட்டர் ஓடும். பேசி முடித்ததும் குட்டி மெஷின் கிறீச்சென்று பில்லைத் துப்பும். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் கட்டணம் கால் பங்குதான் என்பதால் கொட்டாவி விட்டுக்கொண்டே வரிசையில் நிற்போம். விலை தெரிந்துதான் பேசினோம். அமெரிக்க பே போனில் பல வழிகளில் விலை தெரிவது அடுத்த மாதம். அதுவும் பல நேரம் நமக்கு இல்லை, நாம் பேசிய ஆளுக்கு.

ஏன் இப்படி என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அதுவரை நாட்டின் டெலிபோன் சேவையில் பெரும்பகுதியைக் கையில் வைத்திருந்த ஏடி அண்ட் டி கம்பெனி, ஒரு வழக்கின் முடிவில் 1984 ஜனவரி 1 அன்று பிரிக்கப்பட்டது. உள்ளூர் சேவை ஏழு வட்டாரக் கம்பெனிகளுக்குப் போனது. வெளியூர் அழைப்பு ஏடி அண்ட் டி, எம்சிஐ, ஸ்பிரின்ட் போன்ற கம்பெனிகள் போட்டி போடும் களமாக ஆனது. அதே ஆண்டு, டெலிபோன் கம்பெனி அல்லாத தனியாரும் பே போன் வைக்கலாம் என்று எஃப்சிசி என்கிற தொலைத்தொடர்பு ஆணையம் அனுமதித்தது. வீட்டு போனுக்கு எந்த வெளியூர் கம்பெனி என்பதை வீட்டுக்காரரே சொல்லிவிடலாம். பே போனுக்கு யார் சொல்வது? பிரிப்பு வழக்கைக் கவனித்துவந்த நீதிபதி ஹரால்ட் கிரீன் 1988-ல் சொன்ன பதில்: போன் நிற்கும் இடத்தின் சொந்தக்காரர். பெட்ரோல் பங்க் முதலாளி, மோட்டல்காரர், விமான நிலைய நிர்வாகம்.

அவர்கள் எந்தக் கம்பெனியைத் தேர்ந்தெடுப்பார்கள்? அதிகக் கமிஷன் தருவதை. அதிகக் கமிஷன் எங்கிருந்து வரும்? அதிகக் கட்டணத்திலிருந்து. கம்பெனியைத் தேர்ந்தெடுத்தவர் ஒருவர், எண்ணைத் தட்டுபவர் இன்னொருவர், பில் கட்டுபவர் பல நேரம் மூன்றாமவர். போட்டி வந்தால் விலை இறங்கும் என்பார்கள். இங்கே போட்டி வந்ததே விலை ஏறக் காரணமாக இருந்தது. அதனால் என் கணக்கில் நிமிடத்துக்கு எத்தனை சென்ட் என்பது இரண்டாவது கேள்விதான். இந்த அழைப்பைச் சுமக்கும் கம்பெனியை நான் தேர்ந்தெடுத்தேனா, வேறு யாராவது தேர்ந்தெடுத்து வைத்தார்களா? முதலில் கேட்க வேண்டியது இதை.

பூஜ்யம் அழுத்துவது

மோசமானதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் கைக்கு முதலில் வருவது இதுதான். பூஜ்யம், பிறகு ஏரியா கோடு, பிறகு எண். 'போங்' என்று ஒரு மணிச் சத்தம் வரும். அப்போது கார்டு எண்ணைத் தட்டலாம், சும்மா இருந்தால் ஆபரேட்டர் வருவார், கலெக்ட் என்று சொல்லலாம். எளிமையாக இருக்கிறது. ஆனால் அந்த 'போங்' எந்தக் கம்பெனியுடையது என்பதுதான் கேள்வி.

ஓஹாயோவில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு குளிர்கால ராத்திரி சிகாகோவுக்கு பஸ்ஸில் போனேன். இந்தியானாவில் ஒரு சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் வண்டி நின்றது. பஸ் தாமதம், நண்பனுக்குச் சொல்ல வேண்டும், பையில் சில்லறை இல்லை. பூஜ்யம் அழுத்தி நண்பன் எண்ணைத் தட்டினேன், கலெக்ட் என்றேன், நாலு நிமிடம் பேசினேன். அடுத்த மாதம் அவனிடமிருந்து போன்: "டேய், நீ எந்த நாட்டிலிருந்துடா கூப்பிட்டே?" அவனுடைய உள்ளூர் டெலிபோன் பில்லின் கடைசியில் தனியாக ஒரு பக்கம். அதில் நாங்கள் இருவருமே கேள்விப்படாத ஒரு பெயர், பத்து டாலருக்கு மேல் ஒரு தொகை. அந்தப் பெயர்கூட அழைப்பைச் சுமந்த கம்பெனியின் பெயர் இல்லை, அதற்காகப் பணம் வசூலிக்கும் இடைத்தரகரின் பெயர். பக்கத்தின் அடியில் இருந்த எண்ணுக்கு அவன் போன் செய்து சண்டை போட்டான். பாதியைக் கழித்தார்கள். மீதிப் பாதிக்கு நான் சிகாகோவில் தோசை வாங்கிக் கொடுத்து ஈடுகட்ட வேண்டியிருந்தது.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. இந்த வகை ஆபரேட்டர் கம்பெனிகள் மேல் எண்பதுகளின் கடைசியில் புகார்கள் குவிந்தன. அதில் ஒரு வேடிக்கையான முறைகேட்டுக்கு 'ஸ்பிளாஷிங்' என்று பெயர். நீங்கள் ஓர் ஊரிலிருந்து கூப்பிடுவீர்கள். ஆபரேட்டர் உட்கார்ந்திருப்பது வேறு மாநிலத்தில். அவர் உங்களை இன்னொரு கம்பெனிக்கு மாற்றிவிடுவார், பில் அந்த வேறு மாநிலத்திலிருந்து பேசியதாக வரும். பக்கத்து ஊருக்குப் பேசியவருக்கு ஆயிரம் மைல் கட்டணம்.

1990-ல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. அழைப்பின் ஆரம்பத்திலேயே கம்பெனி தன் பெயரைச் சொல்ல வேண்டும். பிடிக்காவிட்டால் இணைப்பு கிடைப்பதற்கு முன் செலவில்லாமல் வைத்துவிடலாம். கேட்டால் கட்டணத்தைச் சொல்லியாக வேண்டும். வேறு கம்பெனிக்குப் போகும் வழியை போன் அடைக்கக் கூடாது. கேட்டால்தானே சொல்வார்கள்? பஸ் ஹாரன் அடிக்கும்போது யார் கேட்பார்கள்? 1998-ல் எஃப்சிசி இன்னொரு படி போய், கட்டணத்தை எப்படித் தெரிந்துகொள்வது என்பதை அழைப்பவர் கேட்காமலே அறிவிக்கச் சொன்னது. நல்ல விதிதான். ஆனால் அதற்குள் ஜனங்கள் பூஜ்யத்தையே விட்டு விலகியிருந்தார்கள்.

சில்லறை

காசு போடுவதில் ஒரு நேர்மை உண்டு. போட்டது போனது, பில் யார் வீட்டுக்கும் வராது. வெளியூர் எண்ணைத் தட்டியதும் ஒரு இயந்திரக் குரல் முதல் மூன்று நிமிடத்துக்கு இவ்வளவு போடுங்கள் என்று சொல்லும். நிக்கலுக்கு (ஐந்து சென்ட்) ஒரு 'பீப்', டைமுக்கு (பத்து சென்ட்) இரண்டு, குவார்ட்டருக்கு (இருபத்தைந்து சென்ட்) ஐந்து. அந்தச் சத்தத்தை எண்ணித்தான் மறுமுனையில் இயந்திரம் கணக்குப் பார்க்கும். அந்த பீப்புகளைப் போலி செய்யும் சின்னப் பெட்டிகளை வைத்துக்கொண்டு ஓசியில் பேசிய கூட்டமும் இருந்தது.

மூன்று நிமிடம் தாண்டினால் குரல் மறுபடி குறுக்கே வரும். பேசி முடித்து ரிசீவரை வைத்த பிறகு போன் மணி அடித்தால், அது பாக்கிக் காசு கேட்டுத்தான் அடிக்கிறது. எடுக்காமல் நடந்துவிடுவது பலருக்குப் பழக்கம்.

சிக்கல் எங்கே என்றால், கையில் அவ்வளவு குவார்ட்டர் யாரும் வைத்திருப்பதில்லை. சிகாகோவுக்கே ஒரு பிடி வேண்டும், மெட்ராசுக்குப் பேச ஒரு உண்டியலையே உடைக்க வேண்டும். காசைப் பயன்படுத்த ஒரு நல்ல வழி இருந்தது. பே போனுக்கும் ஒரு எண் உண்டு, முகப்பிலேயே அச்சடித்திருக்கும். முதல் மூன்று நிமிடத்துக்கான காசை மட்டும் போட்டு, "இந்த எண்ணுக்குத் திருப்பிக் கூப்பிடு" என்று சொல்லி வைத்துவிட வேண்டும். நண்பன் வீட்டு போனிலிருந்து, அவன் தேர்ந்தெடுத்த கம்பெனியில், அவனுக்குத் தெரிந்த விலையில் கூப்பிடுவான். எல்லா வழிகளிலும் இதுதான் மலிவு என்று இன்றும் சொல்வேன். ஆனால் போதைப்பொருள் வியாபாரிகள் பே போனை அலுவலகமாக்கிக்கொண்டதால் பல நகரங்களில் உள்வரும் அழைப்பை அடைத்துவிட்டார்கள். முகப்பில் எண் இருக்கும், மணி அடிக்காது. அது தெரியாமல் குளிரில் கால் மணி நேரம் நின்றால் தெரிந்துவிடும்.

கலெக்ட் கால்

பூஜ்யம் வழியாக இல்லாமலும் கலெக்ட் போடலாம். 1993-ல் எம்சிஐ 1-800-கலெக்ட் என்ற எண்ணைக் கொண்டுவந்தது. எந்த போனிலிருந்தும் இந்த இலவச எண்ணை அழுத்தினால் இடத்துக்காரர் தேர்ந்தெடுத்த கம்பெனியைத் தாண்டி எம்சிஐக்கே போய்விடலாம். ஏடி அண்ட் டி பதிலுக்கு 1-800-ஆபரேட்டர் என்று ஓர் எண்ணை விளம்பரம் செய்தது. அங்கேதான் கதை. 'ஆபரேட்டர்' என்ற சொல்லின் ஆங்கில எழுத்துகளில் ஏழாவது எழுத்து ஓ. அதை இ என்று தப்பாக எழுதுபவர்கள் அமெரிக்காவில் எக்கச்சக்கம். போனில் ஓ இருப்பது 6-ல், இ இருப்பது 3-ல். அந்தத் தப்பு எண்ணை எம்சிஐ கையில் வைத்திருந்தது. ஏடி அண்ட் டி காசு செலவழித்து விளம்பரம் செய்ய, எழுத்துப்பிழை விட்டவர்களின் அழைப்பெல்லாம் எம்சிஐக்குப் போனது. கடைசியில் ஏடி அண்ட் டி எண்ணையே மாற்றிக்கொண்டது.

இந்த எண்களில் இந்தியானா மாதிரி அதிர்ச்சி வராது. கம்பெனி யார் என்று தெரியும். ஆனால் கலெக்ட் என்றாலே முதல் நிமிடம் ஓடுவதற்கு முன்பே சில டாலர் மேல்கட்டணம் விழுந்துவிடும். அதை அடுத்தவர் தலையில் வைக்கிறோம் என்பதால் நமக்கு வலிக்காது. கையில் எதுவுமே இல்லாதபோது, அதுவும் அப்பா அம்மாவுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ மட்டும்தான் இது சரி.

செலவே இல்லாமல் சேதி சொல்லும் தந்திரமும் உண்டு. "உங்கள் பெயரைச் சொல்லுங்கள்" என்று இயந்திரம் கேட்கும் அந்த இரண்டு மூன்று நொடியில் "வந்துட்டேன், ஸ்டேஷன்" என்று தமிழில் சொல்லிவிடுவது. எதிர்முனைக்காரர் அதைக் கேட்டுவிட்டுக் கட்டணத்தை ஏற்க மறுத்துவிடுவார். ஆபரேட்டரிடம் பதிவு செய்து வெளியூருக்குப் பேசிய டிரங்க் கால் காலத்தில், குறிப்பிட்ட ஆள் இருந்தால் மட்டும் கட்டணம் என்ற பி.பி. காலை வைத்து நம் ஊரில் விளையாடியதன் அமெரிக்கப் பதிப்பு. சட்டப்படி சரியா என்று என்னைக் கேட்காதீர்கள்.

கலெக்ட் தவிர வேறு வழியே இல்லாதவர்களும் இருந்தார்கள்: சிறைக் கைதிகள். அங்கேயும் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தது நிர்வாகம், கமிஷன் வாங்கியது நிர்வாகம், பில் கட்டியது வீட்டில் இருப்பவர்கள். பஸ் நிலையத்தில் பூஜ்யத்தைத் தாண்டிப் போக வழி இருந்தது, சிறையில் அதுவும் இல்லை. வாஷிங்டனைச் சேர்ந்த மார்த்தா ரைட் என்ற பாட்டி, பேரனோடு பேச ஆகும் செலவைப் பற்றி 2003-ல் எஃப்சிசியிடம் மனுக் கொடுத்தார். மாநிலம் தாண்டிய அழைப்புகளுக்கு உச்சவரம்பு வர 2013 ஆனது. அவர் பெயரைத் தாங்கிய சட்டத்தில் ஜனாதிபதி கையெழுத்திட்டது 2023 ஜனவரியில். அப்போது அவர் உயிரோடு இல்லை.

காலிங் கார்டும் கம்பெனிக் குறியீடும்

வீட்டில் போன் இருந்தால் காலிங் கார்டு கிடைக்கும். பழைய கார்டுகளில் வீட்டு எண்ணோடு நாலு இலக்க ரகசிய எண், மொத்தம் பதினான்கு இலக்கம். பில் வீட்டு போன் பில்லிலேயே வந்துவிடும். நான்கு பேர் சேர்ந்து தங்கியிருந்த எங்கள் வீட்டில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையலறை மேசையில் பில்லை விரித்து, ஆளுக்கொரு வண்ண ஹைலைட்டரால் தங்கள் அழைப்புகளைப் பூசுவார்கள். யாரும் பூசாத வரி ஒன்று எப்போதும் மிஞ்சும்.

கார்டு வைத்திருப்பவர்கள் விழுந்த குழி ஒன்று. ஏடி அண்ட் டி வாடிக்கையாளர்தானே என்று பூஜ்யம் அழுத்தி 'போங்' சத்தத்துக்குப் பிறகு கார்டு எண்ணைத் தட்டுவார்கள். உள்ளூர் டெலிபோன் கம்பெனி தந்த கார்டு எண் என்றால், அந்த போனில் இருக்கும் முகம் தெரியாத கம்பெனியும் அதைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்ளும், தன் விலையில் பில் போடும். இதற்காகவே ஏடி அண்ட் டி பிறகு தன்னால் மட்டுமே ஏற்கக்கூடிய கார்டுகளைக் கொடுத்தது. பூஜ்யம் அழுத்தியதும் எங்கள் பெயர் காதில் விழாவிட்டால் 10288-ஐ முதலில் அழுத்துங்கள் என்றும் சொல்லிக்கொடுத்தது. 288 என்பது விசைகளில் அந்தப் பெயரின் எழுத்துகள். எம்சிஐக்கு 10222, ஸ்பிரின்டுக்கு 10333. 1998-ல் இவை நீண்டு 10-10-288 என்று ஆயின.

ஐந்து இலக்கம் கூடுதலாக அழுத்தினால் இடத்துக்காரரின் தேர்வு ரத்து. உங்கள் கம்பெனி, உங்கள் விலை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை நினைவில் வைப்பதென்றால் இதை வைத்திருக்கலாம், இப்போது எதற்கும் பயன்படாது என்றாலும்.

குறை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு அழைப்புக்கும் தனி மேல்கட்டணம் உண்டு, ஆகவே ஒரு நிமிட அழைப்புக்குக் கார்டு நஷ்டம், முப்பது நிமிடத்துக்கு லாபம். நியூயார்க் பஸ் முனையம் மாதிரி இடங்களில் நீங்கள் தட்டும் எண்ணைத் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துத் திருடுபவர்கள் இருந்தார்கள், சிலர் தூரத்திலிருந்து பைனாகுலர் வைத்துப் பார்த்தார்கள். திருடிய எண்ணில் அன்று மாலைக்குள் எந்தெந்த நாட்டுக்கோ அழைப்பு போயிருக்கும். உடம்பால் போனை மறைத்துக்கொண்டு தட்ட வேண்டும்.

பிரீபெய்டு கார்டு

தொண்ணூறுகளின் பிற்பாதியில் இந்தியக் கடை கல்லாவுக்குப் பின்னால் வரிசையாகத் தொங்கும். அரிசி மூட்டை, ஊறுகாய், வாடகைக்கு வீடியோ கேசட், கார்டு. ஐந்து டாலர், பத்து டாலர். மெட்ராஸ், பம்பாய், டெல்லிக்கு ஒரு விலை, மற்ற ஊர்களுக்கு வேறு விலை என்று சுவரொட்டி இருக்கும். சுரண்டி எண்ணை எடுத்து, 800 எண்ணை அழுத்தி, ரகசிய எண்ணைத் தட்டி, பிறகு 011-91-44. மூச்சு வாங்கும். ஆனால் இணைப்புக்கு முன்னால் ஒரு குரல் "உங்களுக்கு இத்தனை நிமிடம் இருக்கிறது" என்று சொல்லும். பேசும் முன்பே மொத்தம் எத்தனை நிமிடம் என்று சொன்ன ஒரு குரலை அந்த நாட்டில் முதன்முதலாக அங்கேதான் கேட்டேன்.

அந்தக் குரலை அப்படியே நம்பக் கூடாது. இணைப்புக் கட்டணம், மூன்று நிமிடத் துண்டாக உயர்த்திக் கணக்கிடுவது, வாரா வாரம் கார்டில் கரையும் பராமரிப்புக் கட்டணம் எல்லாம் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருக்கும். சொன்ன நிமிடங்கள் வரவில்லை என்று 2008-ல் அமெரிக்க வணிக ஆணையமான எஃப்டிசி சில கார்டு விற்பனையாளர்கள் மேல் வழக்கே போட்டது. கம்பெனி மூழ்கினால் கார்டும் மூழ்கும். அதனால் இருபது டாலர் கார்டு வாங்குவதைவிட ஐந்து டாலர் கார்டு நாலு வாங்குவது புத்திசாலித்தனம்.

பே போனிலிருந்து கார்டைப் பயன்படுத்தினால் இன்னொரு வெட்டு. 800 எண்ணுக்கு போன் பெட்டியில் காசு போடத் தேவையில்லை, அப்படியானால் பே போன் வைத்தவருக்கு என்ன கிடைக்கும்? 1996 தொலைத்தொடர்புச் சட்டம் அவருக்கு ஒவ்வொரு அழைப்புக்கும் இழப்பீடு தரச் சொன்னது. 1997-ல் அது 28.4 சென்ட், 1999-ல் 24 சென்ட், 2004-ல் 49.4 சென்ட். கார்டு கம்பெனிகள் அதைக் கொஞ்சம் சேர்த்தே நம் கார்டிலிருந்து பிடித்தன. அதே 1997 அக்டோபரில் உள்ளூர் அழைப்புக்கான விலைக் கட்டுப்பாடும் போனதால் பல இடங்களில் இருபத்தைந்து சென்ட் முப்பத்தைந்து ஆனது. ஆக, ஒரு நிமிடம் பேசி வைத்துவிட்டு மறுபடி மறுபடி கூப்பிடுவது கார்டில் கட்டுப்படியாகாது. பல கார்டுகளில் ரிசீவரை வைக்காமல் ஹேஷ் விசையை அழுத்தி அடுத்த எண்ணுக்குப் போகலாம், அப்போது இந்த வெட்டு இரண்டாம் முறை விழாது.

எனக்கென்றால்

உள்நாட்டில் ஒரு சேதி மட்டும் சொல்ல வேண்டும் என்றால் காசு, முடிந்தால் திருப்பிக் கூப்பிடச் சொல்வது. அரை மணி நேரம் பேச வேண்டும், வீட்டில் கார்டு இருக்கிறது என்றால் குறியீட்டோடு காலிங் கார்டு. மெட்ராசுக்கு என்றால் யோசிக்காமல் பிரீபெய்டு, ஐந்து டாலர் கார்டு. கையில் எதுவுமே இல்லை என்றால் 800 எண் வழியாகக் கலெக்ட். வெறும் பூஜ்யத்தை எந்த நிலையிலும் அழுத்த மாட்டேன். ஆபத்து என்றால் 911, அதற்குக் காசே வேண்டாம்.

1999 வாக்கில் அமெரிக்காவில் இருபது லட்சத்துக்கு மேல் பே போன்கள் இருந்தன. ஏடி அண்ட் டி 2007 டிசம்பரில் அந்தத் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது. நியூயார்க் நகர நிர்வாகம் தன் கடைசி பே போனை டைம்ஸ் சதுக்கம் அருகே, ஏழாவது அவென்யூவில் 2022 மே மாதம் கிரேன் வைத்துத் தூக்கியது. இன்னும் எங்காவது விமான நிலையத்தின் மூலையில், கிரெடிட் கார்டை இழுக்கும் பிளவோடு ஒன்று நின்றுகொண்டிருக்கும். கைபேசி செத்துப்போய் அதன் முன்னால் நிற்க நேர்ந்தால், கார்டை இழுப்பதற்கு முன் கட்டணம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஒட்டியிருக்காவிட்டால் பக்கத்தில் நிற்பவரிடம் கைபேசியைக் கேட்டு வாங்கிப் பேசிவிடுங்கள்.